புத்தகத்தில் புரிகிறது, போர்டில் வரவில்லை: செஸ் கற்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

முப்பத்தைந்து வயதுக்கு மேல் புத்தகம் பார்த்து செஸ் கற்றவன் நான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இருந்த இரண்டு பேரும் "ஆடு, தானா வரும்" என்றார்கள். வரவில்லை. இப்போது ஞாயிறு காலைகளில் எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுப் பேர் என்னோடு உட்காருகிறார்கள். பாதி குழந்தைகள், மீதி, அவர்களைக் கொண்டுவந்து விடப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்ட அப்பா அம்மாக்கள். அவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை ஒருகாலத்தில் நான் சொன்னவை. அவற்றையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் குறை எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. உங்கள் வலது கைப்பக்க மூலைக் கட்டம் வெள்ளையா? வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில் நிற்கிறாளா? இல்லையென்றால் போர்டைத் திருப்பிப் போடுங்கள். ஒரு வாரமாகப் புத்தகம் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்கு இதுதான் பிரச்சினை.

காய்களின் பெயர் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். இங்கே மூலையில் நின்று நேராக ஓடுவது யானை, குறுக்கே ஓடுவது பிஷப். உங்கள் வீட்டில் மந்திரி என்றால் மந்திரி என்றே படித்துக்கொள்ளுங்கள்.

"எங்க தாத்தா சொல்லிக்கொடுத்த ரூல் வேற, புத்தகத்துல வேற"

எங்கள் வீட்டுச் சதுரங்கத்தில் சிப்பாய் கடைசிக் கட்டம் சேர்ந்தால், ஏற்கெனவே வெட்டுப்பட்ட காய்களில் ஒன்றைத்தான் திரும்ப எடுக்கலாம். ராஜாவும் யானையும் ஒரே மூவில் சேர்ந்து நகரும் காஸ்லிங் என்ற பேச்சே கிடையாது. இந்த மாதிரி வீட்டு விதிகளோடு புத்தகத்தைத் திறந்தால் இருபதாவது பக்கத்தில் குழப்பம் நிச்சயம். ஒரு மாலை ஒதுக்கி மூன்று இடங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதலாவது, சிப்பாய் உயர்வு. ராணி போர்டில் இருக்கும்போதே இரண்டாவது ராணி எடுக்கலாம், மூன்றாவதும் எடுக்கலாம். ஆனால் யானையைத் தலைகீழாக வைத்து ராணி என்று சொல்லும் வழக்கம் வீட்டோடு சரி. டோர்னமெண்டில் தலைகீழ் யானையும் யானைதான்.

இரண்டாவது, காஸ்லிங். ராஜாவும் அந்த யானையும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது, நடுவில் காய் இருக்கக் கூடாது, ராஜா செக்கில் இருக்கும்போதோ செக் விழும் கட்டத்தைத் தாண்டியோ, செக் விழும் கட்டத்தில் போய் நிற்பது போலவோ செய்யக் கூடாது. இந்தத் தடை ராஜாவுக்கு மட்டும்தான். யானை தாக்குதலில் இருந்தாலும் காஸ்லிங் செய்யலாம். இதைப் பல வருடம் ஆடியவர்களே தவறாக நினைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, 'ஆன் பாசாந்'. உங்கள் வெள்ளைச் சிப்பாய் ஈ5இல் நிற்கிறது. எதிராளி டி7 சிப்பாயை இரண்டு கட்டம் தாவவைத்து டி5இல் உங்கள் பக்கத்தில் நிறுத்துகிறார். அவர் ஒரு கட்டம்தான் வந்தார் என்று பாவித்து, நீங்கள் டி6க்குப் போய் அந்தச் சிப்பாயை எடுத்துவிடலாம். உடனே அடுத்த மூவில் செய்ய வேண்டும். விட்டால் உரிமை போச்சு. முதல்முறை இதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் "ஏமாத்தறாங்க" என்றுதான் சொல்வார்கள்.

"எழுத்தும் எண்ணுமா இருக்கு, தலை சுத்துது"

இடமிருந்து வலமாக எட்டு நெடுக்கு வரிசைக்கும் ஏ முதல் ஹெச் வரை எழுத்து. வெள்ளையின் பக்கத்திலிருந்து மேலே கிடை வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். இரண்டும் சேர்ந்தால் கட்டத்தின் முகவரி. காயின் பெயர் இல்லாமல் முகவரி மட்டும் இருந்தால் நகர்வது சிப்பாய். பெருக்கல் குறி போட்டால் வெட்டு, கூட்டல் குறி போட்டால் செக். கற்றுக்கொள்ளப் பத்து நிமிஷம், கண்ணுக்குப் பழகப் பத்து நாள். தினமும் யாராவது "எஃப்6, சி3" என்று கேட்க, போர்டைப் பார்க்காமல் அது வெள்ளையா கருப்பா என்று சொல்லிப் பழகினால் சீக்கிரம் வரும்.

ஆங்கில அச்சில் ஒரு பொறி உண்டு. பெரிய பி எழுத்து பிஷப்; சின்ன பி இரண்டாவது நெடுக்கு வரிசை. "பி, பெருக்கல், சி3" என்பதில் எழுத்து பெரிதா சின்னதா என்று பார்க்காமல் போனால் சிப்பாய் வெட்ட வேண்டிய இடத்தில் பிஷப் வெட்டும், அடுத்த நாலு மூவும் நாசம்.

பழைய புத்தகம் என்றால் பிரச்சினை வேறு. திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிய முதல் புத்தகத்தில் முகவரிகளே இல்லை. "கே4", "கேபி3" என்று இருந்தது. ஆங்கிலத்தில் வந்த பழைய செஸ் புத்தகங்கள் அந்த முறையில்தான் எழுதப்பட்டன. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1981இல்தான் அதை அங்கீகரிப்பதை நிறுத்தியது. அதில் ஒவ்வொரு வரிசைக்கும் அங்கே முதலில் நிற்கும் காயின் பெயர். கே என்றால் ராஜா வரிசை, கேபி என்றால் ராஜா பக்கத்து பிஷப்பின் வரிசை. எண்ணை அவரவர் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஆகவே வெள்ளையின் கே4 என்பது ஈ4; கருப்பின் கே4 என்பது ஈ5. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஆனால் முதல் புத்தகமே இதுவாக இருந்தால் தூக்கி வைத்துவிட்டு 1981க்குப் பின் வந்த பதிப்பு ஒன்றை வாங்குங்கள். இரண்டு மொழியை ஒரே நேரத்தில் கற்க வேண்டாம்.

"படிக்கும்போது எல்லாம் புரியுது, மூடினா ஒண்ணும் நினைவில்லை"

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. காரணம் எளிது. கதைப் புத்தகம் போல, பேருந்தில் உட்கார்ந்துகொண்டு, போர்டு இல்லாமல் படிக்கிறீர்கள். மாஸ்டர் ஒரு மூவ் ஆடுகிறார், கீழே காரணம் இருக்கிறது, "ஆமாம், சரிதான்" என்று தலையாட்டிவிட்டு நகர்கிறீர்கள். எல்லா விடைகளுக்கும் தலையாட்டினீர்கள். கேள்வியை ஒருமுறைகூட நீங்கள் கேட்கவில்லை. ஆட்டத்தில் விடை யாரும் தர மாட்டார்கள், கேள்வியும் தர மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இது. நிஜப் போர்டில் காய்களை அடுக்குங்கள். ஒரு போஸ்ட் கார்டோ பழைய கல்யாணப் பத்திரிகையோ எடுத்து, அடுத்த மூவை மறைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தவர் பக்கம் உட்கார்ந்து, உங்கள் மூவை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். மனதில் நினைத்தால் போதாது, எழுத வேண்டும். இல்லாவிட்டால் விடையைப் பார்த்ததும் "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று மனசு பொய் சொல்லும். அப்புறம் அட்டையை ஒரு வரி இறக்குங்கள்.

ஒரு ஆட்டத்தை வைத்தே காட்டுகிறேன். 1858இல் பாரிஸ் ஓபரா அரங்கில், அமெரிக்கரான பால் மார்ஃபி ஒரு பக்கம். பிரன்ஸ்விக் கோமகனும் ஒரு பிரபுவும் சேர்ந்து மறுபக்கம். மொத்தம் 17 மூவ்தான்.

1. ஈ4, ஈ5
2. குதிரை எஃப்3, டி6
3. டி4, பிஷப் ஜி4
4. சிப்பாய் ஈ5இல் வெட்டு, பிஷப் எஃப்3இல் வெட்டு
5. ராணி எஃப்3இல் வெட்டு, சிப்பாய் ஈ5இல் வெட்டு
6. பிஷப் சி4, குதிரை எஃப்6
7. ராணி பி3, ராணி ஈ7

இங்கே அட்டையை நிறுத்துங்கள். வெள்ளையின் எட்டாவது மூவ் என்ன? ஞாயிறு கூட்டத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒரே குரல்: பி7 சிப்பாய் இனாமாக நிற்கிறதே, ராணியால் வெட்டு! வெட்டிப் பாருங்கள். கருப்பு ராணி பி4க்கு வந்து செக் கொடுக்கும். ராணிகள் பரிமாறிப் போகும். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், அதுவும் நல்ல நிலைதான். மார்ஃபி அதைத் தொடவில்லை. குதிரையை சி3க்கு எடுத்தார். ராணிகள் இருக்கட்டும், கருப்பின் பாதிக் காய்கள் இன்னும் வீட்டை விட்டு வரவில்லை, நான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவருகிறேன் என்பது கணக்கு. எட்டு மூவ் கழித்து பி8இல் ராணியையே பலி கொடுத்து, அடுத்த மூவில் மிஞ்சிய ஒரு யானையும் ஒரு பிஷப்பும் வைத்து மேட் செய்தார். மீதி மூவ்களை நான் தரப்போவதில்லை. எந்தத் தொகுப்பிலும் இந்த ஆட்டம் இருக்கும், அட்டையோடு போய்ப் பாருங்கள்.

நீங்கள் எழுதியதும் மார்ஃபி ஆடியதும் எங்கே பிரிகிறதோ அந்த இடத்தில்தான் பாடம் இருக்கிறது. ஒத்துப்போன மூவ்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஆனால் கவலைப்படாதீர்கள். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் தாராளம்.

அடைப்புக்குறிக்குள் வரும் கிளை மூவ்களைத் தொடக்கத்தில் போர்டில் ஆடாதீர்கள். திரும்பி வரும்போது குதிரை வேறு கட்டத்தில் நிற்கும். இரண்டு மூன்று மூவ் வரை கண்ணாலேயே தொடருங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

"பத்து மூவ் ஓப்பனிங் மனப்பாடம்; எதிராளி மூணாவது மூவ்லயே மாத்திட்டான்"

மாற்றத்தான் செய்வான். அவன் உங்கள் புத்தகத்தைப் படிக்கவில்லையே.

இத்தாலியன் ஓப்பனிங்கையே எடுங்கள். ஈ4, ஈ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4. ஒவ்வொரு மூவுக்கும் ஒரு வரி காரணம் சொல்ல முடிகிறதா? சிப்பாய் நடுக் கட்டத்தைப் பிடிக்கிறது, பிஷப்புக்கும் ராணிக்கும் வழி விடுகிறது. குதிரை வெளியே வந்துகொண்டே ஈ5ஐத் தாக்குகிறது. பிஷப், கருப்பு ராஜா மட்டுமே காவல் இருக்கும் எஃப்7ஐக் குறிவைக்கிறது. இப்போது எதிராளி புத்தகத்தில் இல்லாத ஹெச்6 ஆடுகிறார். உங்கள் குதிரை ஜி5க்கு வந்துவிடுமோ என்று பயம். இதைத் தண்டிக்க வேண்டும் என்று ராணியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அவர் ஒரு மூவைச் செலவழித்து எந்தக் காயையும் வெளியே கொண்டுவரவில்லை. ஆக உங்களுக்கு ஒரு மூவ் இலவசம். காஸ்லிங் செய்யுங்கள், டி4 தள்ளி நடுவைத் திறங்கள். காரணம் தெரிந்தவருக்குப் புத்தகத்துக்கு வெளியேயும் வழி உண்டு.

இதோடு சேர்ந்தது, நாலு மூவில் மேட் வாங்கும் நோய். ஈ4, ஈ5 ஆனதும் எதிராளி ராணியை ஹெச்5க்குக் கொண்டுவருகிறாரா? உடனே ஜி6 தள்ளி ராணியை விரட்டாதீர்கள். அவள் ஈ5 சிப்பாயைச் செக்கோடு வெட்டுவாள், ஹெச்8 யானையும் சேர்ந்து போகும். முதலில் குதிரை சி6, ஈ5க்குக் காவல். அவர் பிஷப் சி4 வைத்து எஃப்7ஐக் குறிவைத்த பிறகு ஜி6. ராணி எஃப்3க்குப் போய் மறுபடி மிரட்டினால் குதிரை எஃப்6. அவ்வளவுதான், அவர் ராணி சுற்றியதற்கு நீங்கள் இரண்டு குதிரை வெளியே எடுத்திருக்கிறீர்கள்.

ஆரம்பத்தில் ஓப்பனிங் புத்தகம் வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு.

"புதிர் எல்லாம் போடறேன், ஆட்டத்துல காயை இனாமா கொடுக்கறேன்"

புதிர்ப் பக்கத்தில் "வெள்ளை ஆடி ஜெயிக்க" என்று எழுதியிருக்கிறது. அந்த மூன்று சொல்தான் பாதி விடை. இங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்து தேடுகிறீர்கள். அதுவும் ஃபோர்க், அதாவது ஒரே காயால் இரண்டைத் தாக்குவது, என்ற அத்தியாயத்தில் இருந்தால் ஃபோர்க்கைத்தான் தேடுவீர்கள். ஆட்டத்தில் தோளைத் தட்டி "இப்போ பார்" என்று சொல்ல யாரும் இல்லை. போதாததற்கு, புதிர்களில் அடிப்பது எப்போதும் நீங்கள். அடி வாங்குவதைப் புத்தகம் பழக்குவதில்லை.

ஒவ்வொரு மூவுக்கும் முன் ஒரே கேள்வி: எதிராளி கடைசியாக ஆடியது எதற்கு? அவருக்கு இன்னொரு மூவ் இனாமாகக் கிடைத்தால் என்ன செய்வார்? என்ன செக், என்ன வெட்டு, என்ன மிரட்டல்? அப்புறம் நீங்கள் ஆட நினைக்கும் மூவை மனதில் ஆடிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.

எங்கள் ஞாயிறு கூட்டத்தில் திரும்பத் திரும்ப நடப்பது இது. கருப்பு, ராணியைச் சீக்கிரமே டி8இலிருந்து எஃப்6க்குக் கொண்டுவருகிறது. வெள்ளைக் குதிரை சி3க்கு வருகிறது. கருப்பு கவலையில்லாமல் பிஷப்பை சி5க்கு எடுக்கிறது. குதிரை டி5! ராணியைத் தாக்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கருப்பு ராணியை ஜி6க்கு நகர்த்திவிட்டு ஜி2ஐப் பார்த்துச் சிரிக்கிறது. குதிரை சி7இல் இறங்கிச் செக். ராஜா நகர்ந்ததும் ஏ8 யானை போச்சு. சி7க்கு டி8இல் இருந்த ராணிதான் ஒரே காவல் என்பது அவள் கிளம்பும்போது யாருக்கும் நினைவில்லை. ஒரு காய் நகரும்போது எங்கே போகிறது என்பதோடு எதை விட்டுவிட்டுப் போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

புதிர்ப் புத்தகத்தை இனி இப்படிப் பயன்படுத்துங்கள். விடை கண்ட புதிரில், தோற்ற பக்கம் போய் உட்கார்ந்து, அதற்கு முந்தின மூவில் எப்படித் தப்பித்திருக்கலாம் என்று யோசியுங்கள். தலைப்பு போட்ட அத்தியாயங்களை விட்டு, கலவையான பயிற்சிகளுக்குப் போங்கள். புதுப் புத்தகம் வாங்குவதைவிட அதே முந்நூறு புதிரை இரண்டாவது, மூன்றாவது சுற்று போடுவது நல்லது. மூன்றாவது சுற்றில் பார்த்ததும் கை போக வேண்டும்.

"ராணி அதிகமா இருந்தும் டிரா ஆயிடுது"

புத்தகத்தின் கடைசி அத்தியாயம் எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த பின் வரும் முடிவாட்டம், என்பதால் யாரும் அதுவரை போவதில்லை. 1921இல் உலக சாம்பியனான கேபபிளாங்கா அதே ஆண்டு வெளியிட்ட புத்தகத்தைத் தொடங்குவதே யானையும் ராஜாவும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்வதில்தான். நீங்களும் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறங்கள்.

ராணி மேட்டுக்கு ஒரு சுலபமான வழி: உங்கள் ராணியை எதிரி ராஜாவிலிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் வைத்துக்கொண்டே போங்கள், அவன் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நீங்களும் அதே பக்கம். அவனே ஓரத்துக்குப் போய்விடுவான். ஆனால் மூலைக்குள் நுழைந்த உடனே நிறுத்த வேண்டும். அவன் ஏ8இல், உங்கள் ராணி பி6இலோ சி7இலோ வந்தால் ஸ்டேல்மேட், செக்கும் இல்லை, நகரக் கட்டமும் இல்லை, ஆட்டம் டிரா; அரைப் புள்ளி காற்றில் போச்சு. அந்த நேரத்தில் ராணி டி7 போல ஏழாம் கிடை வரிசையில் தள்ளி நிற்கட்டும். அவன் ஏ8, பி8 என்று ஊஞ்சலாடுவான். நீங்கள் ராஜாவை மெதுவாக பி6க்கு நடத்திக் கொண்டுவந்து, ராணியை பி7இல் வைத்து முடியுங்கள். எங்கே தொடங்கினாலும் ராணி மேட்டுக்கு அதிகபட்சம் 10 மூவ், யானை மேட்டுக்கு 16. டிரா ஆவதற்கு முன் விதி தருவதோ 50 மூவ். அவசரமே இல்லை.

அதற்கடுத்து ராஜாவும் ஒரு சிப்பாயும். உங்கள் ராஜா சிப்பாய்க்கு முன்னால் ஆறாவது கிடை வரிசையை எட்டிவிட்டால் யார் மூவானாலும் வெற்றி. ஓரச் சிப்பாய் மட்டும் விதிவிலக்கு. இதெல்லாம் குழந்தைப் பாடம் என்று நினைத்தால், 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டத்தைப் பாருங்கள். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55ஆவது மூவில் யானையை எஃப்2இல் வைத்தார். குகேஷ் யானையைப் பரிமாறினார், பிஷப்பைப் பரிமாறினார். மிஞ்சியது ராஜாக்களும், இரண்டுக்கு ஒன்று என்று சிப்பாய்களும். மூன்று மூவில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார். எந்தக் காயை எப்போது பரிமாறலாம் என்பது, பரிமாறிய பின் வரும் சிப்பாய் ஆட்டம் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

"எட்டு புத்தகம் இருக்கு, ஒண்ணும் முடிக்கலை"

கணினியில் இன்னும் இருநூறு பிடிஎஃப் இருக்குமே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து பத்துப் படங்களைப் பாருங்கள், ஒன்றுக்கு இரண்டு நிமிஷம். ஏழெட்டு சரியாக வந்தால் அது உங்கள் புத்தகம். மூன்றுக்குக் கீழே என்றால் ஒரு வருடம் கழித்து எடுங்கள். பத்தும் வந்தால் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள். இது என் கைக்கணக்கு, ஆனால் என்னை ஏமாற்றியதில்லை.

"எஞ்சின் இந்த புத்தகமே தப்புங்குது"

சொல்லும். ஸ்டாக்ஃபிஷ் போல செஸ் ஆடும் கணினி நிரல் முன்னால் நூறு வருடத்துக்கு முந்தைய குறிப்புகளில் சில நிற்காது. தொடக்கத்தில் அது உங்களுக்குத் தேவையும் இல்லை. அந்தத் தவறுகள் பெரும்பாலும் உங்கள் ஆட்டத்தில் வரப்போகாத ஆழத்தில் இருக்கின்றன. எஞ்சினைத் தோற்ற ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் இரண்டாவதாக. முதலில் நீங்களே ஆட்டத்தைத் திரும்ப ஆடி, எங்கே கெட்டது என்று பென்சிலால் குறியுங்கள். அதற்குப் பிறகு எஞ்சின். இரண்டு பேரும் வேறு வேறு இடத்தைக் காட்டினால், அங்கே அரைமணி உட்காரலாம்.

"வீட்டுல நல்லா ஆடறேன், டோர்னமெண்ட்ல கை நடுங்குது"

நடுக்கத்துக்கு மருந்து என்னிடம் இல்லை. புத்தகத்தில் மட்டும் கற்றவர்கள் முதல் டோர்னமெண்டில் மாட்டிக்கொள்ளும் விதிகளைச் சொல்கிறேன். தொட்ட காயை ஆட வேண்டும். காயைச் சரியாக நிறுத்த வேண்டுமென்றால் முன்னாலேயே "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். காஸ்லிங்கில் முதலில் ராஜாவைத் தொட வேண்டும், ஒரே கையால். யானையைத் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் காஸ்லிங் அந்த மூவில் கிடையாது. காய் நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். விதிக்கு மாறான மூவ் ஆடிக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டால், நீண்ட நேர ஆட்டத்தில் முதல் தடவைக்கு எதிராளிக்கு இரண்டு நிமிஷம் கூடும். இரண்டாவது தடவை தோல்வி.

இன்னொன்று. பழைய புத்தகங்கள் சில, மூவை முதலில் எழுதிவிட்டு, ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் ஆடு என்று அறிவுரை சொல்லும். நல்ல யோசனைதான், நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். என் முதல் டோர்னமெண்டில் நடுவர் வந்து தாளைக் காட்டித் தலையசைத்தார். இப்போதைய விதிப்படி ஆடிய பிறகுதான் எழுத வேண்டும். வீட்டில் பயிற்சி ஆட்டத்தையும் அப்படியே எழுதிப் பழகுங்கள். போகும்போது பேனா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முப்பதாவது மூவில் எழுதாது.